உஷார்! ஆட்டிப் பார்க்காமல் இன்டர்கூலர் வாங்காதீர்கள்

மந்தைவெளியில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாக்குப்பையோடு வீட்டுக்கு வந்தான். உள்ளே இருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தான். புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரி மின்னும் அலுமினிய இன்டர்கூலர். "மாமா, இதைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்களேன்" என்றான்.

இரண்டு கையாலும் தூக்கி மெல்ல ஆட்டினேன். கிலுகிலுப்பை மாதிரி உள்ளே சத்தம் கேட்டது. வாய்ப்பக்கத்தைச் சாய்த்து, விரித்த செய்தித்தாளின்மேல் தட்டினேன். கடுகு அளவில் ஏழெட்டு அலுமினிய உருண்டைகள் விழுந்தன. கூடவே, வெட்டிப் போட்ட நகம் மாதிரி சுருண்ட சீவல்கள்.

இந்தப் பெட்டி இரண்டு மாதம் அவனுடைய ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் காரில் ஓடியிருக்கிறது. செய்தித்தாளில் விழுந்தவை மிச்சம் இருந்தவை மட்டும்தான். அதற்கு முன் எத்தனை உருண்டைகள் இன்ஜினுக்குள் போயின என்று அவனுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

டர்போ கார் வைத்திருக்கும் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு நண்பர்களே, அதனால்தான் இதை அவசரமாக எழுதுகிறேன். பத்து வருஷத்துக்கு முன் டர்போ பெட்ரோல் என்றால் அபூர்வம். இன்று நம் ஊரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலிருந்தே அவை வரிசையாக வருகின்றன. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் டர்போ கார்கள் வருகின்றன, ஒரகடத்திலிருந்து நிஸான் மேக்னைட் வருகிறது. கார் வந்ததும் பின்னாலேயே "பெரிய இன்டர்கூலர் போடுங்க சார், வண்டி பறக்கும்" என்கிற பேச்சும் வந்துவிட்டது. அந்தப் பேச்சை நம்பிப் பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். இந்தப் பொருளில் நடக்கும் ஏமாற்று எல்லாமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நடக்கிறது.

அது என்ன வேலை செய்கிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும் இல்லையா? டர்போவிலும் அதேதான். காற்றை அழுத்தினால் சூடாகும். வெளியே 40 டிகிரி வெயில் என்று வையுங்கள். டர்போ ஒரு பார் பூஸ்ட், அதாவது கூடுதல் அழுத்தம், கொடுக்கும்போது அதிலிருந்து வெளிவரும் காற்று 130 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று லேசானது, அதில் ஆக்ஸிஜன் குறைவு. பெட்ரோல் இன்ஜினில் அது நாக்கிங்கையும் கொண்டுவரும், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடித்து பிஸ்டனை அடிக்கும். இதைத் தடுக்க இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ. இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். வண்டி மந்தமாகிவிடும்.

இந்தச் சூட்டை இறக்குவதுதான் இன்டர்கூலரின் வேலை. 135 டிகிரிக் காற்றை 55க்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் காற்று உள்ளே போகும். இது புது விஷயம் இல்லை. போர்ஷே 911 டர்போவில் 1978லேயே வந்தது. நம் நெடுஞ்சாலை லாரிகளின் மேல் 'டி.சி.ஐ.சி.' என்று எழுதியிருப்பதும் டர்போவோடு இன்டர்கூலர் உண்டு என்பதைத்தான் சொல்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. காற்றால் குளிரும் இன்டர்கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வெளிக்காற்றின் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. கம்பெனி இ.சி.யூ. இவ்வளவு டார்க் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் பூஸ்ட் கொடுக்கிறது. ரீமேப் செய்யாத, அதாவது இ.சி.யூ.வின் இந்தக் கணக்கை மாற்றி எழுதாத காரில் பெட்டியை மட்டும் பெரிதாக்கினால் கார் பறக்காது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் லாப் மேல் லாப் ஓட்டுகிறவருக்கும், முறையாக ரீமேப் செய்தவருக்கும் அது உண்மையிலேயே தேவைப்படலாம். லஸ் கார்னரிலிருந்து பனகல் பார்க்குக்கு ஆபீஸ் போகிறவருக்குத் தேவையில்லை.

உஷார் 1: உங்கள் காரில் எந்த வகை?

எல்லா டர்போ காரிலும் இன்டர்கூலர் கிரில்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்காது. நம் தெருக்களில் நிறைய ஓடும் ஃபோக்ஸ்வாகன் போலோவின் டி.எஸ்.ஐ. இன்ஜினில் அது தண்ணீரால் குளிரும் வகை, இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதற்கென்று தனி பம்ப், தனிக் குழாய், முன்னால் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர் எல்லாம் உண்டு. அந்தக் காருக்கு "முன்னால் பெரிய இன்டர்கூலர் மாட்டித் தரேன்" என்று ஒருவர் சொன்னால், மேனிஃபோல்டையே மாற்றும் வேலையைச் சொல்கிறார் என்று அர்த்தம். இல்லாவிட்டால், அவருக்கு உங்கள் காரைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம். உங்கள் இன்ஜினில் என்ன வகை என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கடைப்பக்கமே போகாதீர்கள்.

உஷார் 2: வெளியே மினுமினுப்பு, உள்ளே வெறும் குழாய்

என் அக்கா மகன் வாங்கிய பெட்டியை ரேடியேட்டர் பட்டறையில் அறுத்துப் பார்த்தோம். வெளிப்பக்கம் வரிசை வரிசையாக அழகான ஃபின்கள், அதாவது மெல்லிய தகட்டு மடிப்புகள், இருந்தன. காற்று போகும் குழாய்களின் உள்ளே ஒன்றுமே இல்லை, மொட்டைக் குழாய். நல்ல இன்டர்கூலரில் அந்தக் குழாய்க்குள்ளும் நெளிநெளியான ஃபின்கள் இருக்கும். அவைதான் சூட்டைக் காற்றிலிருந்து பிடுங்கி வெளியே கடத்துபவை. அவை இல்லாவிட்டால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சூடாகவே ஓடிவிடும்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. உள் ஃபின்களை நெருக்கமாகத் திணித்து, காற்றே போக முடியாமல் செய்திருப்பார்கள். அதனால் உள்ளே போகும் அழுத்தமும் வெளியே வரும் அழுத்தமும் வெகுவாக வேறுபடும். இழந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ கூடுதலாக உழைக்கும், காற்று இன்னும் சூடாகும். இந்த அழுத்த இழப்பு 0.1 பார் அளவுக்குள் அடங்கினால் நல்லது. பெயர் பெற்ற கம்பெனிகள் இந்த அளவை அச்சிட்டே கொடுக்கின்றன. "பிரஷர் டிராப் எவ்வளவு?" என்று கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால் நீங்களும் கிளம்பிவிடுங்கள். கேரெட், வாக்னர், மிஷிமோட்டோ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்பது ஆதாரமே இல்லை. ஸ்டிக்கரை எந்த அச்சகத்திலும் அடிக்கலாம்.

இனி அந்த உருண்டைகள். இரண்டு ஓரத்திலும் இருக்கும் தொட்டிகளை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டும்போது உள்பக்கம் கசடு தெறிக்கும். நல்ல தயாரிப்பாளர் அதைக் கழுவி எடுத்துவிடுவார், மட்டமானவர் அப்படியே பேக் செய்துவிடுவார். ஏர் ஃபில்டர் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். பிடிக்காது. ஃபில்டர் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது, இன்டர்கூலர் டர்போவுக்குப் பின்னால் இருக்கிறது. இன்டர்கூலரிலிருந்து கிளம்பும் ஒரு கடுகுக்கும் உங்கள் சிலிண்டருக்கும் நடுவில் எந்தக் காவலும் இல்லை. வால்வு, பிஸ்டன், சிலிண்டர் சுவர் எல்லாவற்றிலும் கீறல் விழும்.

உஷார் 3: பழைய பீஸ், பழைய பாவம்

"கம்பெனி அயிட்டம் சார், கழட்டின வண்டியிலேர்ந்து வந்தது" என்று புதுப்பேட்டை காயலாங்கடைகளில் கிடைக்கும். அங்கே தலைமுறை தலைமுறையாக நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நானும் பொருள் வாங்கியிருக்கிறேன். ஆனால் இன்டர்கூலர் விஷயத்தில் விற்பவருக்கே தெரியாத ஒன்று உண்டு. அந்த வண்டி ஏன் கழட்டப்பட்டது? டர்போ உடைந்து கழட்டியதாக இருந்தால், அதன் உலோகத் துகள்களும் ஆயிலும் போய்த் தங்கிய இடம் இந்தப் பெட்டிதான். நெளிநெளியான உள் ஃபின்களுக்குள் சிக்கிய துகளை பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலும் முழுசாக எடுக்க முடியாது.

டீசல் வண்டிக்காரர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை டீசல் இன்ஜின் உறிஞ்ச ஆரம்பித்தால் அதையே எரிபொருளாக எரித்துக்கொண்டு ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போய் இன்ஜின் உடையும். டர்போ போய்ப் புதிது போடும்போது பழைய இன்டர்கூலரை அப்படியே விட்டுவைப்பதும் இதே ஆபத்துதான்.

உஷார் 4: இருபது ரூபாய் க்ளாம்ப்

மத்திய கைலாஷ் சிக்னல் தாண்டி சர்தார் பட்டேல் சாலையில் ஏறும்போதுதான் என் அக்கா மகனின் கார் படுத்தது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, பிக்கப் போனது, பானெட்டுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சீற்றம். ஸ்மோக் டெஸ்ட் போட்டபோது இரண்டு இடத்தில் புகை வந்தது. ஒன்று வெல்டிங் தையல். இன்னொன்று ஹோஸ் இணையும் இடம். அங்கே தோட்டத்துத் தண்ணீர் பைப்புக்குப் போடும் திருகு க்ளாம்பைப் போட்டிருந்தார்கள். பூஸ்ட் தாங்க டி-போல்ட் க்ளாம்ப் வேண்டும். பைப்பின் விளிம்பில் ஹோஸ் வழுக்காமல் இருக்கச் சின்ன வரம்பும் வேண்டும்.

பூஸ்ட் கசிந்தால் பிக்கப் போவதோடு கதை முடியாது. கேட்ட அழுத்தம் வரவில்லையே என்று இ.சி.யூ. டர்போவை இன்னும் விரட்டும். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலக்கூடிய சக்கரத்தை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் பேரிங் தாங்காது. டர்போ விலையை விசாரித்துப் பாருங்கள், க்ளாம்பில் மிச்சம் பிடித்த காசு எவ்வளவு என்று புரியும்.

உஷார் 5: கத்திரியில் ஏ.சி. போகும், ஐப்பசியில் இன்ஜின் போகும்

கிரில்லுக்குப் பின்னால் முதலில் ஏ.சி. கண்டென்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். இவற்றின் முகத்தை மறைத்து ஒரு பெரிய பெட்டியை மாட்டினால், அதன் சூட்டைக் குடித்த காற்றுதான் கண்டென்சருக்குப் போகும். 2003 மே மாதம் 45 டிகிரியைப் பார்த்த ஊர் இது. கத்திரி வெயிலில் உஸ்மான் ரோடு நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் ஏ.சி. வெறும் காற்றை ஊதும், டெம்பரேச்சர் முள் மேலே நகரும். பின்சீட்டில் குழந்தையோ வயதானவரோ இருந்தால் இது வெறும் அசௌகரியம் இல்லை. நிற்கும் வண்டியில் காற்றோட்டம் இல்லாததால் பெரிய இன்டர்கூலரும் சூட்டில் ஊறிவிடும். பச்சை விழுந்ததும் கிடைக்க வேண்டிய இழுவை அப்போதும் கிடைக்காது.

மழைக்காலம் இதைவிட மோசம். கம்பெனி வடிவமைத்த காற்று வாய் பானெட்டுக்குக் கிட்டே உயரத்தில் இருக்கும், தண்ணீர் ஏறக் கூடாது என்பதற்காகவே. முன்னால் மாட்டும் இன்டர்கூலரின் குழாய்கள் பம்பரின் அடிவரை இறங்கும். துரைசாமி சுரங்கப்பாதையிலோ மேட்லி சுரங்கப்பாதையிலோ தேங்கிய தண்ணீரில் மெதுவாக ஊர்ந்து போகிறீர்கள். அந்தக் குழாயில் கசிவு இருந்தால், பூஸ்ட் இருக்கும்போது அதன் வழியாகக் காற்று வெளியே போகும். ஊர்ந்து போகும்போது பூஸ்ட் இருக்காது, இன்ஜின் உறிஞ்சும். அதே கசிவு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த நமக்கு இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சாந்தோம், பெசன்ட் நகர் பக்கம் உப்புக் காற்று அலுமினியத்தை அரிக்கும். மெல்லிய தகட்டில் செய்த மலிவுப் பெட்டியின் ஃபின்கள் சீக்கிரமே வெள்ளை பூத்து உதிரும்.

உஷார் 6: இதுதான் உயிர் விஷயம்

மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் பணம் போகிற சமாசாரம். இது வேறு.

பெட்டி பெரிது, இடம் போதாது. மாட்டுகிறவர் என்ன செய்கிறார்? பம்பர் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரும்புப் பட்டை இருக்கிறதே, அதில் ஒரு பகுதியை கிரைண்டரால் அறுத்துவிடுகிறார். மேலே பிளாஸ்டிக்கை மாட்டியதும் வெளியே ஒன்றும் தெரியாது. என் அக்கா மகன் காரிலும் அப்படித்தான். பம்பரைக் கழட்டியபோது பட்டையின் கீழ்ப்பாதியில் ஒரு சாண் நீளத்துக்கு வாய் திறந்திருந்தது. அறுத்த விளிம்பில் பெயின்ட்கூட அடிக்கவில்லை, துரு ஏறத் தொடங்கியிருந்தது.

அந்தப் பட்டை அழகுக்கு வைத்தது இல்லை. மோதலின் வேகத்தை வாங்கி இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் பிரித்து அனுப்புவது அதுதான். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதும் முன்பக்கம் எப்படி நசுங்கும் என்ற கணக்கை வைத்துத்தான். பட்டையை அறுத்தால், முன் சென்சாரை இடம் மாற்றினால், அந்தக் கணக்கே தப்பாகிவிடும். கிராஷ் டெஸ்ட்டில் உங்கள் கார் வாங்கிய நட்சத்திரங்கள் அறுக்காத காருக்குக் கொடுத்தவை.

தயவுசெய்து கேளுங்கள்: எதையாவது அறுத்தால்தான் மாட்ட முடியும் என்றால், அந்த இன்டர்கூலர் உங்கள் காருக்கானது இல்லை. அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

வண்டியை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றும் உரிமைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு எல்லை போட்டிருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியின் பம்பர் பட்டையையே அறுத்துவிட்டு, "ஒரு பெட்டியைத்தானே மாற்றினேன்" என்று வாதாடுவது கஷ்டம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப் பிறகு சர்வேயர் பம்பரைக் கழட்டிப் பார்க்கும் நாளில் கிளெய்ம் சிக்கலாகும். தண்ணீர் ஏறிக் கெட்ட இன்ஜினுக்கு சாதாரண பாலிசி பணம் தராது, அதற்குத் தனியாக இன்ஜின் புரொடெக்ட் கவர் எடுத்திருக்க வேண்டும். வாரன்டி பாக்கி இருக்கும் காரில் டர்போ போனால் கம்பெனிக்காரர் முதலில் கை காட்டுவது இந்தப் பெட்டியைத்தான்.

காசு கொடுக்கும் முன்

முதலில் அளந்து பாருங்கள். ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவியும் போனில் ஓர் ஆப்பும் போதும். இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் சென்சாரின் காற்று வெப்பத்தைப் பாருங்கள். ஓ.எம்.ஆரில் சீராக ஓட்டும்போது அது வெளிவெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் நின்றால், கம்பெனி இன்டர்கூலர் ஒழுங்காக வேலை செய்கிறது. புதிதுக்கு அவசியமே இல்லை.

பிக்கப் குறைந்திருந்தால் பழைய பெட்டியைக் கவனியுங்கள். ஃபின்களில் பூச்சி, மண், பிளாஸ்டிக் பை அடைத்திருக்கிறதா? கம்பெனி ஹோஸில் விரிசலா? பிரஷ்ஷாலும் அழுத்தமில்லாத தண்ணீராலும் கழுவச் சொல்லுங்கள், விரிசல் விட்ட ஹோஸை மாற்றச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின் மடங்கிவிடும். பெரும்பாலும் இந்த இரண்டு வேலையிலேயே வண்டி பழையபடி ஆகிவிடும்.

இதற்குப் பிறகும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்:

• கையில் எடுத்து நாலு பக்கமும் ஆட்டுங்கள். சத்தம் வந்தால் வேண்டாம்.

• வாய்க்குள் டார்ச் அடியுங்கள். குழாய்க்குள் நெளி ஃபின் தெரிய வேண்டும்.

• வெள்ளைத் துணியை விரலில் சுற்றித் தொட்டியின் உள்பக்கம் துடையுங்கள். மினுக்கும் தூள் ஒட்டக் கூடாது.

• நல்ல ரேடியேட்டர் கடையில் இரண்டு வாயையும் அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றேற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சர் டியூப் மாதிரி ஒரு குமிழிகூட வரக் கூடாது. வீட்டில் முயலாதீர்கள், காற்றழுத்தத்தில் அடைப்பு தோட்டா மாதிரி தெறிக்கும்.

• உங்கள் கார் மாடல், ஆண்டு, இன்ஜின் பெயருக்கென்றே செய்ததா என்று பாருங்கள். "எல்லா வண்டிக்கும் சேரும்" என்பது எந்த வண்டிக்கும் ஒழுங்காகச் சேராது.

• எதையும் அறுக்க மாட்டேன் என்று எழுதி வாங்குங்கள். மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பம்பரை மூடும் முன் போட்டோ எடுங்கள்.

• ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்வதும், நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதும் எளிது.

என் அக்கா மகன் கொடுத்தது 14,500 ரூபாய், துண்டுச்சீட்டுதான் பில். பழைய கம்பெனி இன்டர்கூலரைத் தேடி எடுத்து, கழுவி, திரும்ப மாட்டியாயிற்று. பம்பர் பட்டை புதிது போட்டாயிற்று. சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் இரண்டாவது சிலிண்டர் சுவரில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. இப்போதைக்கு ஓடும், எவ்வளவு நாளைக்கு என்று மெக்கானிக் சொல்லவில்லை.

அந்த இரண்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவன் அந்தக் காரில்தான் என் அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்து, ஈ.சி.ஆரில் திருவிடந்தை கோயிலுக்குப் போய் வந்திருக்கிறான். முன்னால் பட்டை அறுபட்டிருந்தது அவனுக்குத் தெரியாது. உங்கள் காரில் யாராவது இப்படி ஒரு வேலை செய்திருந்தால், இந்த வாரமே பம்பரைக் கழட்டிப் பார்த்துவிடுங்கள்.